புளியங்கன்றுகள் முந்தாத அரை மணித்தியாலம்

கொக்குவில்
2025 ஆடி (ஜூலை) 9, புதன்கிழமை, காலை 9.20

அன்பு மகனுக்கு,

நலம் விசாரித்து எழுதும் வரிகளைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் நீ விளக்க முயன்றிருக்கும் அந்த அரை மணித்தியாலம் புளியங்கன்றுகளுக்கு உரியதன்று, எனக்கு உரியது. 1999 புரட்டாதி 18ஆம் திகதி தொடக்கம் ஐப்பசி 31ஆம் திகதி வரை, நாற்பத்து நான்கு நாட்கள், நான் ஆய்வுகூடத்து மணிக்கூட்டை விட்டு வேறொரு மணிக்கூட்டைப் பார்த்து நேரம் குறித்தேன். அதை எந்தக் கொப்பியிலும் எழுதி வைக்கவில்லை. சென்ற மாதம் 29ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நீ தொலைபேசியில் இதையே நேராகக் கேட்டபோது, உண்மை தெரிந்திருந்தும் மறைத்தேன். நீ ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய நாள் ஆடி 31. இன்னும் இருபத்திரண்டு நாட்கள் இருக்கின்றன. அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதால், இதன் ஒவ்வொரு பக்கத்தையும் சந்தியிலுள்ள கடையில் படியெடுப்பித்து உன் மின்னஞ்சலுக்கும் அனுப்புவேன். உன் பேராசிரியருக்கும் பரீட்சகர்களுக்கும் நீ இதைக் காட்டலாம். அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் தாவரவியல் ஆய்வுகூடமொன்றில் முப்பத்தொரு வருடங்கள் செய்முறை உதவியாளனாக வேலை செய்தவன். பட்டம் பெற்றவன் அல்லன். எனக்கு இருந்த ஒரே மூலதனம் ஒழுங்கு. 1998இல் எங்கள் துறையின் விரிவுரையாளர் ஒருவர், புளியங்கன்றின் இலைகள் மாலையில் எத்தனை மணிக்கு மூடுகின்றன, காலையில் எத்தனை மணிக்கு விரிகின்றன என்பதைச் சில வருடங்கள் விடாமல் குறித்து வைக்கும்படி என்னைக் கேட்டார். மூன்று சாடிகள், மூன்று கன்றுகள். பாகைமானியை இலைக்காம்பின் அருகே பிடித்து, சோடிச் சிற்றிலைகளுக்கு இடையிலான கோணத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் அளந்து துண்டுத்தாளில் குறிப்பேன். மாதக் கடைசியில் துண்டுத்தாள்களைப் பார்த்து, மைப்பேனையால் கொப்பியில் செம்மையாக எழுதுவேன். அந்த விரிவுரையாளர் பின்னர் வெளிநாடு போனார்; கொப்பிகளை ஒருவரும் கேட்கவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று அவற்றைத் துண்டுத்தாள்களோடு வீட்டுக்கு எடுத்து வந்தேன். சென்ற மார்கழியில் நீ வந்து நின்றபோது ஐந்து கொப்பிகளையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டு போனாய். அந்தப் பதினைந்து நாட்களும் நான் எவ்வளவு பெருமையோடு நடந்து திரிந்தேன் என்பதை நீ கவனித்திருக்க மாட்டாய். அம்மா கவனித்தாள்.

உன் ஆய்வு எதைப் பற்றியது என்று அப்போதுதான் எனக்கு ஓரளவு பிடிபட்டது. தை மாதம் 2ஆம் திகதி பின்னேரம், நீ விராந்தைக் கதிரையில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டு சொன்னவற்றை அன்றே என் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்.

"செல்லுக்குள்ளை ஒரு புரதம் இருக்கு அப்பா. அது கூடிக்கொண்டு போகும். ஒரு அளவுக்கு மேலை கூடினால், தன்னை உண்டாக்கிற வேலையைத் தானே மறிக்கும். பிறகு உள்ளது கரைஞ்சு போகும். கரைஞ்ச உடனை திரும்பவும் உண்டாகத் தொடங்கும். ஒரு சுத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள். உதுதான் உங்கடை புளியங்கண்டின்ரை மணிக்கூடு."

"கிட்டத்தட்ட எண்டால்?"

"எனக்குத் தெரியும், உங்களுக்கு உந்தச் சொல் பிடிக்காது. இருபத்துநாலு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட, இல்லாட்டிக் கொஞ்சம் குறைய. விடிய வெளிச்சம் பட்டவுடனை அது தன்னைத் திருத்திக்கொள்ளும்."

"கணினிக்கு?"

"அதுக்குள்ளை ஒரு சின்னப் படிகம் துடிச்சுக்கொண்டிருக்கும். சூடு ஏறினால் அதுவும் பிசகும்."

"பிசகினது அதுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. வேறை ஒண்டைக் கேட்டால்தான் தெரியும். அதுதான் கணினியள் ஒண்டையொண்டு நேரம் கேட்டபடியே இருக்கும்."

செல்லும் இயந்திரமும் தங்கள் அடித்தளத்தில், அறிவோ எண்ணமோ இல்லாத இடத்தில், பிழையை எப்படிக் கண்டுபிடித்துத் திருத்துகின்றன என்பதையே நீ ஆராய்கிறாய் என்று விளங்கியது. என் கொப்பிகள் அதற்கு உதவுகின்றன என்பதும் விளங்கியது. அத்தியாயம் எழுதி முடித்ததும் அனுப்பு, திகதிகளைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று நானே கேட்டேன். நீ அனுப்பினாய். ஆனி 26, வியாழக்கிழமை, அதைச் சந்தியில் அச்சிடுவித்து, சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தேன்.

பதினோராம் பக்கத்தில் அந்த வரைபடம் இருந்தது. மூன்று கன்றுகளின் மூன்று கோடுகளும் சீராக வந்து, ஓரிடத்தில் படி இறங்கியது போல் அரை மணித்தியாலம் கீழே விழுந்து, ஆறு வாரங்களுக்குமேல் அங்கேயே ஓடி, ஒரே நாளில் மேலே ஏறுகின்றன. செல்லின் மணிக்கூட்டுக்கு இரண்டாவது உறுதிநிலை ஒன்று இருக்கலாம் என்று நீ அதன் கீழே எழுதியிருந்தாய். பிழையான மூலத்தை நம்பத் தொடங்கிய கணினிகள் பல சேர்ந்து ஒரே அளவில் பிசகுவதை ஒப்புமையாகக் காட்டியிருந்தாய். கணக்கு மாதிரி ஒன்றும் அமைத்திருந்தாய். அதன் கோடு என் எண்களின் மேல் அச்சொட்டாகப் படிந்து கிடந்தது. அழகாக இருந்தது, மகனே. ஆனால் கோடு இறங்கும் திகதி புரட்டாதி 18 என்றும், ஏறும் திகதி கார்த்திகை 1 என்றும் நீ போட்டிருந்தாய். எனக்கு வேறெந்த ஆதாரமும் தேவைப்படவில்லை. புரட்டாதி 17, வெள்ளிக்கிழமை, ஆய்வுகூடத்திலிருந்து திரும்பும் வழியில் நான் துவிச்சக்கரவண்டியோடு மதகில் விழுந்து இடது காலை முறித்துக்கொண்டேன். கார்த்திகை 1, திங்கட்கிழமை, வேலைக்குத் திரும்பினேன்.

உன் பேராசிரியருக்கு எங்கள் ஊரின் இரண்டு நேரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1996 வைகாசியில் இலங்கையின் மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டன. அதே வருடம் ஐப்பசியில் அதில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. மீதி அரை மணித்தியாலம் 2006 சித்திரை வரை அப்படியே இருந்தது. அலுவலகங்களும் பாடசாலைகளும் புது நேரத்தில் நடந்தன. பல வீடுகள் பழைய நேரத்தை விடவில்லை. கோயில் பூசையும் பஞ்சாங்கமும் அதில் இருந்தன. ஒருவர் ஆறு மணிக்கு வருகிறேன் என்றால், "பழைய ஆறோ, புது ஆறோ?" என்று கேட்டுக்கொள்வது அக்காலத்தில் சாதாரணம். எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூடு பழைய நேரத்தில் இருந்தது. மாற்றச் சொல்லி நான் பலதரம் சண்டை பிடித்தேன். "சூரியனுக்கு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. அதுக்குச் சொல்லிப்போட்டு வாங்கோ, நானும் மாத்திறன்" என்பாள் அம்மா. ஆகவே வீட்டுக்குச் சுவர் மணிக்கூடும் வேலைக்கு என் கைக்கடிகாரமுமாக ஓடியது. மதகில் விழுந்தபோது கைக்கடிகாரத்தின் கண்ணாடி உடைந்து, அது நின்றுபோயிற்று.

கால் முறிந்தாலும் பதிவு முறியக்கூடாது என்பது என் பிடிவாதம். மூன்று சாடிகளையும் மறுநாட் காலையே முச்சக்கரவண்டியில் வீட்டுக்கு எடுப்பித்தேன். விராந்தையில் கட்டிலில் கிடந்தபடி, வாங்குப் பலகையின் மேல் அவற்றை வைத்து அளந்தேன். நேரத்தைச் சுவர் மணிக்கூட்டில் பார்த்தேன். அது பழைய நேரம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். செம்மையாக எழுதும்போது அரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். துண்டுத்தாளில் அதைக் குறிக்கவில்லை. நோவுக்குக் கொடுத்த குளிசை என்னை அயர்த்திய மாலைகளில் அம்மா அளந்தாள். பாகைமானியைப் பிடிக்க அவளுக்கு நானே பழக்கினேன். அப்போது உனக்கு இரண்டு வயதும் மூன்று மாதமும். ஒரு கையில் உன்னை வைத்துக்கொண்டு மறு கையால் அளப்பாள்.

"என்ன கோணம்?" என்று கேட்பேன்.

"எனக்கு வாற கோவத்தின்ரை கோணத்துக்கு நீங்கள் இந்தக் கட்டிலிலை கிடக்கமாட்டியள்" என்பாள். ஆனால் எண்ணைச் சரியாகவே எழுதினாள்.

அந்த இரண்டு மாதத் தாள்களையும் நான் செம்மையாக எழுதியது மார்கழி விடுமுறையில், ஆய்வுகூடத்தில் இருந்து. கால் சுகமாகிவிட்டது, புதுக் கைக்கடிகாரம் வாங்கிவிட்டேன், வீட்டு மணிக்கூடு கண்ணுக்கு முன்னால் இல்லை. அரை மணித்தியாலத்தைக் கூட்ட மறந்துபோனேன். தாள்களில் இருந்த எண்களை மிக அழகான கையெழுத்தில் அப்படியே கொப்பியில் ஏற்றினேன். இவ்வளவும் மறதி. மறதியை நீ மன்னிப்பாய் என்று தெரியும். இனி எழுதப்போவது மறதியன்று.

2000 தை 12ஆம் திகதி, புதன்கிழமை, இறுதி வருட மாணவி ஒருத்தி தன் செய்முறைக்காக அந்தக் கொப்பியைப் புரட்டினாள். பெயரை எழுதவில்லை, அவளுக்கும் இப்போது ஐம்பதை நெருங்கும் வயது.

"சேர், நீங்கள் வீட்டிலை வைச்சு எடுத்ததும் புது நேரம்தானே?"

"ஏன், உமக்கென்ன சந்தேகம்?"

"இல்லை சேர், புரட்டாதியிலை எல்லாம் அரை மணித்தியாலம் முந்திக் கிடக்கு. அதுதான்."

"நீர் போன கிழமை தந்த அறிக்கையிலை திகதியே இல்லை. முதல் அதைப் போட்டுக்கொண்டு வாரும். பிறகு என்ரை நேரத்தைப் பாப்பம்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் கொப்பியை மூடி வைத்துவிட்டுப் போனாள். அவள் கேட்ட கணத்திலேயே எனக்குள் ஏதோ இடறியது. துண்டுத்தாள்கள் என் மேசை லாச்சிக்குள், ஒரு கை எட்டும் தூரத்தில் இருந்தன. எடுத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். பார்த்தால் அவள் சொன்னது சரியாகிவிடும் என்பதற்காகப் பார்க்கவில்லை. நாற்பத்து நான்கு நாட்களின் எண்களுக்கு மேல் ஒரு வரி எழுத வேண்டிய வேலையை, இருபத்தைந்து வருடங்களும் ஆறு மாதங்களும் எழுதாமல் விட்டேன். அந்த வெற்று இடத்தில்தான் நீ ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறாய்.

ஆனி 29ஆம் திகதி நீ கேட்டதையும் அப்படியே எழுதுகிறேன். பேராசிரியர் படிக்கும்போது உன் பக்கம் குற்றமில்லை என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

"அப்பா, ஒரு சின்னக் கேள்வி. உந்தக் கொப்பியளிலை நேரம் முழுக்க ஒரே மணிக்கூட்டிலைதானே எடுத்தனீங்கள்?"

"ஏன் கேக்கிறாய்?"

"பேராசிரியர் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். மூண்டு கண்டும் ஒரே நாளிலை மாறினால் கண்டைப் பாக்காதை, மணிக்கூட்டைப் பார் எண்டுறார். நான் சொன்னனான், உங்களுக்கு என்ரை அப்பாவைத் தெரியாது, கலியாண அழைப்பிதழிலை திகதிக்குக் கிழமை பிழையெண்டால் திருத்தித் திருப்பி அனுப்புற மனிசன் எண்டு. ஒரே மணிக்கூடுதானே?"

"ஓம்" என்றேன்.

"காணும் அப்பா. உதுதான் வேணும்."

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால், அம்மா குசினி வாசலில் அகப்பையோடு நிற்கிறாள்.

"என்னப்பா, எந்த மணிக்கூடு?"

"உமக்கு விளங்காது."

"எனக்கோ? விராந்தையிலை நிண்டு அளந்தது ஆர்? உங்கடை காலுக்கு நான் ஒத்தடம் குடுத்த நாளுகளைப் பெடியன் புளியங்கண்டின்ரை வருத்தமெண்டு எழுதிப்போட்டான். நீங்கள் அதுக்கு ஓம் போடுறியள்."

"மூண்டு வருசப் படிப்பு. இப்ப போய் எப்பிடிச் சொல்லுறது?"

"அவன்ரை படிப்புக்கோ பயப்பிடுறியள், உங்கடை பேருக்கோ?"

அவள் இரண்டு நாட்கள் என்னோடு அளவாகவே கதைத்தாள். சாப்பாட்டுக்கு நேரம் சொல்வதில்லை. சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

இந்தப் பத்து நாட்களாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை உன் மொழியிலேயே சொல்ல முடிகிறது. முந்தி ஓடும் கணினியை உடனே பின்னுக்கு இழுத்தால் ஒரே நிமிடம் இரண்டுதரம் வந்துவிடும் என்றும், ஆகவே சிறு பிசகென்றால் அது தன் ஓட்டத்தை ஒருவருக்கும் தெரியாமல் மெல்ல மெல்லத் தாமதித்துச் சரிக்கு வரும் என்றும் நீ ஒருநாள் சொன்னாய். நான் அந்த வழியைத் தேடினேன். பேராசிரியரின் சந்தேகம் வலுத்து அவரே உன்னைத் திருத்திவிடலாம். கணக்கு மாதிரியில் வேறு பிழை கண்டு நீயே அத்தியாயத்தைக் கைவிடலாம். என் வாய் திறக்காமலே எல்லாம் நேராகலாம். பிறகு நீ சொன்னதன் மறுபாதி நினைவுக்கு வந்தது. பிசகு பெரிதென்றால் மெல்லத் திருத்த இடமில்லை. ஒரே தாவலில்தான் திருத்த வேண்டும், குழப்பம் வந்தாலும் வரட்டும் என்று விடவேண்டும் என்றாய். உன் செல்லுக்கும் இயந்திரத்துக்கும் இதில் ஒரு வசதி உண்டு. தான் பிழை என்று அறிவதால் அவற்றுக்கு ஒன்றும் குறைந்துவிடுவதில்லை. விடியல் வெளிச்சம் பட்டதும் அந்தப் புரதம் வாதாடுவதில்லை. எனக்கு எழுபத்திரண்டு வயது, என்னையா கேட்கிறாய் என்று சொல்வதில்லை. மனிதன் மட்டும் கேட்டவரின் அறிக்கையில் திகதி இருக்கிறதா என்று பார்க்கிறான்.

அறிவுரை சொல்லும் தகுதி இந்த விடயத்தில் எனக்கு இல்லை. ஆயினும் தந்தை என்ற உரிமையில் ஒன்றைச் சொல்லி விடுகிறேன். எவருடைய ஒழுங்கையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதே. ஒழுங்கானவனின் பிழைதான் அதிக காலம் பிழைத்திருக்கும், ஒருவரும் அதைத் தொட்டுப் பார்ப்பதில்லை. உன் பேராசிரியர் என்னை அறியாதவர் என்பதாலேயே சரியான கேள்வியைக் கேட்டார். நீ என்னை அறிந்தவன் என்பதால் விட்டுக்கொடுத்தாய். அவரிடம் போ. மூன்றாம் அத்தியாயம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஆடி 31க்கு நீ ஒப்படைக்க முடியாமலும் போகலாம். அதற்கு அவகாசம் கேட்பதாயின், காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுது. உன் முதற் பக்கத்தில், நேரத்தின் அருமையைக் கற்பித்த தந்தைக்கு என்று எழுதியிருக்கிறாய், அதை எடுத்துவிடு. கோபத்தில் சொல்லவில்லை. அந்த வரியும் இப்போது ஒரு பிழையான தரவு.

நேற்றுக் காலை அம்மாவிடம், உண்மையை எழுதப்போகிறேன் என்றேன். அலுமாரியின் மேலிருந்த தகரப்பெட்டியை இறக்கி வந்து தூசி தட்டினாள். துண்டுத்தாள்கள் அதற்குள் இருந்தன. இருவருமாக மேசையில் பரப்பி, கொப்பியோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். நான் கொப்பியை வாசிக்க, அவள் தாளைப் பார்த்துச் சொன்னாள். அந்த நாற்பத்து நான்கு நாட்களில் பதினொரு நாட்களின் தாள்கள் அம்மாவின் கையெழுத்தில் உள்ளன. "ஐப்பசி நாலு, ஆறு பத்து. இது நான் எழுதினது. பாருங்கோ, உங்களைவிட வடிவு" என்றாள். ஒன்பது நாட்களின் பின் நேற்றுத்தான் சிரித்தாள். எல்லாத் தாள்களையும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். படங்கள் மின்னஞ்சலில் வரும். அந்த நாட்களின் நேரங்களோடு முப்பது நிமிடங்களைக் கூட்டிப் பார். உன் கோடுகள் இறங்காமல் நேராகப் போகும் என்று நம்புகிறேன். ஆயினும் நான் நம்புகிறேன் என்பதற்காக நீ நம்ப வேண்டாம், கூட்டிப் பார்.

மற்றைய கொப்பிகளையும் இரவு வரை விடாமல் சரிபார்த்தோம். பெரும்பாலும் தாளும் கொப்பியும் ஒத்துப்போகின்றன. ஓரிடத்தில் மட்டும் தாள்கள் இல்லை. 2000 மாசி 3ஆம் திகதி தொடக்கம் 9ஆம் திகதி வரை ஏழு நாட்களுக்குக் கொப்பியில் எண்கள் உண்டு. தாள் ஒன்றுகூடப் பெட்டிக்குள் இல்லை. அந்தக் கிழமை ஊரடங்கு இருந்ததோ, காலில் மறுபடி நோவு வந்ததோ, கன்றுகள் ஆய்வுகூடத்தில் நின்றனவோ வீட்டில் நின்றனவோ, எந்த மணிக்கூட்டைப் பார்த்து எழுதினேனோ, எனக்கு நினைவில்லை. அம்மாவுக்கும் இல்லை. என் நாட்குறிப்பிலும் இல்லை. நேற்றிரவு முழுவதும் யோசித்தேன். ஊகித்து ஒன்றை எழுத என்னால் முடியும். அது உன் வரைபடத்தில் அழகாகப் பொருந்தவும் கூடும். எழுதவில்லை. அந்த ஏழு நாட்களையும் வெறுமையாக விட்டுவிடு. யாராவது கேட்டால், அந்த நாட்களில் என்ன நடந்தது என்று அப்பாவுக்குத் தெரியாதாம் என்று சொல்.

உன் அப்பா